புது ப்ராஜெக்ட்டுக்கு வெப் ஃப்ரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுப்பது: முழுமையான வழிகாட்டி

வெப் ஃப்ரேம்வொர்க் என்பது இணைய அப்ளிகேஷன் கட்டத் தேவையான பொது வேலைகளை முன்பே எழுதி வைத்திருக்கும் குறிமுறைத் தொகுப்பு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். முதல் நாளே ஜாங்கோவா (பைத்தான்), லாராவலா (பிஎச்பி), நோடா (ஜாவாஸ்கிரிப்ட்) என்று ஒப்பிட உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒப்பிடுவது நான்காவது வேலை. அதற்கு முந்திய மூன்றையும் ஒழுங்காக முடித்துவிட்டால், ஒப்பிடுவதற்கு இரண்டு மூன்று பெயர்தான் மிஞ்சும்.

பேச வசதியாக ஒரே உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஒரு டியூஷன் சென்டர். மூன்று கிளைகள், சுமார் ஆயிரம் மாணவர்கள். சேர்க்கை, பேட்ச், வருகைப் பதிவு, மாதக் கட்டணம், தமிழில் ரசீது, பெற்றோருக்கு எஸ்எம்எஸ். கட்டித்தரப் போவது இரண்டு டெவலப்பர்கள்.

## தொடங்கும் முன் கையில் வேண்டியவை

நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: சர்வருக்கு மாதம் எவ்வளவு செலவழிக்க முடியும், வேலை முடிய வேண்டிய தேதி, ஒப்படைத்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள், இப்போது கணக்கு எதில் ஓடுகிறது. நான்காவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எக்ஸெல் கோப்பில் ஓடுகிறது என்றால், அந்தக் கோப்பில் பத்து வரியாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் செய்யப்போகும் சோதனைக்கு நிஜப் பெயர்களும் நிஜத் தொகைகளும் வேண்டும்.

சோதித்துப் பார்க்கச் சில நாட்களையும் முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். கிளையண்டிடம் சொல்லும் கால அட்டவணையில் அது தனி வரியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அவசரத்தில் முதலில் தியாகமாவது அந்த நாட்கள்தான்.

## 1. யார் என்ன செய்கிறார் என்று வாக்கியமாக எழுதுங்கள்

‘வேகமாக இருக்க வேண்டும்’, ‘பின்னால் பெரிதாக்க முடிய வேண்டும்’ என்றெல்லாம் எழுதாதீர்கள். எந்த ஃப்ரேம்வொர்க்கின் முகப்புப் பக்கமும் அதைத்தான் சொல்லும். ‘கணக்காளர் பாதிக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு ரசீது அச்சடிக்கிறார்’, ‘ஆசிரியர் கைப்பேசியில் வருகை பதிகிறார்’, ‘உரிமையாளர் மூன்று கிளையின் பாக்கியையும் ஒரே திரையில் பார்க்கிறார்’ என்று எழுதுங்கள். இருபது வரி வந்தால் போதும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் பார்த்து, இது வெறும் படிவம், பட்டியல், திருத்தம்தானா அல்லது வேறு ஏதாவது உள்ளதா என்று குறியுங்கள். டியூஷன் சென்டர் பட்டியலில் பெரும்பாலான வரிகள் படிவமும் பட்டியலும்தான். ஒருவர் தட்டுவது இன்னொருவர் திரையில் அந்த நொடியே தெரிய வேண்டிய வேலை ஒன்றுகூட இல்லை. இந்த ஒரு பார்வையிலேயே பாதிப் பெயர்கள் கழிந்துவிடும்.

அப்புறம், கடினமான மூன்று வரிகளை வட்டமிடுங்கள். இங்கே அவை: தவணையாக வரும் கட்டணமும் உடன்பிறந்தோர் சலுகையும், தமிழ் ரசீது, தினமும் குறித்த நேரத்தில் போகும் எஸ்எம்எஸ். உங்கள் தேர்வு இந்த மூன்றையும் வைத்துத்தான் நடக்கப்போகிறது. சுலபமான வரிகளை எந்த ஃப்ரேம்வொர்க்கும் செய்துவிடும். அவற்றை வைத்து ஒப்பிட்டால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

## 2. உங்கள் கையில் இல்லாதவற்றைத் தனியே பிரியுங்கள்

முதலில் ஆட்கள். இரண்டு பேருக்கும் பைத்தான் நன்றாகத் தெரியும், ரூபி தெரியாது என்றால், ரூபியில் எழுதும் ரெயில்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த ப்ராஜெக்ட்டுக்கு அது ஆகாது. புது மொழி, புது ஃப்ரேம்வொர்க், புது கிளையண்ட் மூன்றும் சேர்ந்தால், பிழை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும். மூன்றில் ஒன்று மட்டும் புதிதாக இருக்கட்டும்.

ஒப்படைத்த பிறகு பார்த்துக்கொள்ளப் போகிறவரும் கணக்கில் உண்டு. அந்த ஊரில் பிஎச்பி தெரிந்தவர் சுலபமாகக் கிடைப்பார் என்றால் அது லாராவலுக்குப் பலமான காரணம். இதை இரண்டாம்தரக் காரணம் என்று நினைக்காதீர்கள். மென்பொருள் பிழைத்திருப்பது அதைத் திறந்து திருத்தத் தெரிந்த ஒருவர் இருக்கும் வரைதான்.

அடுத்தது ஹோஸ்டிங். கிளையண்ட் ஏற்கெனவே சி-பேனல் உள்ள ஷேர்டு ஹோஸ்டிங் (பலர் பகிரும் சர்வரில் ஓர் இடம்) வாங்கி வைத்திருந்தால், அங்கே பிஎச்பி எந்தச் சிரமமும் இல்லாமல் ஓடும். பைத்தானும் நோடும் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் தனி ப்ராசஸைக் கேட்பவை. சில ஹோஸ்டிங்கில் அதற்கு வழி உண்டு, பலவற்றில் கிடையாது. விபிஎஸ் (உங்களுக்கென்று வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) எடுக்கலாம் என்றால் தடை இல்லை, ஆனால் அப்போது சர்வரை அப்டேட் செய்வதும் பேக்கப் எடுப்பதும் உங்கள் தலையில் விழும். யார் செய்வார் என்று இப்போதே எழுதிவிடுங்கள்.

கட்டண கேட்வே பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ரேசர்பே போன்றவை பிஎச்பி, பைத்தான், நோட், ஜாவா, ரூபி எல்லாவற்றுக்கும் லைப்ரரி தருகின்றன.

## 3. பெயரைப் பார்க்கும் முன் வகையை முடிவு செய்யுங்கள்

பணமும் நேரமும் அதிகம் வீணாவது இந்தப் படியைத் தாண்டிப் போவதால்தான்.

முதல் வகை, சர்வரே முழுப் பக்கத்தையும் தயாரித்து அனுப்புவது. ஜாங்கோ, லாராவல், ரெயில்ஸ் இயல்பாகச் செய்வது இதைத்தான். இரண்டாவது, பின்னால் ஒரு ஏபிஐ (முழுப் பக்கத்துக்குப் பதில் தகவலை மட்டும் தரும் சர்வர் பகுதி), முன்னால் ரியாக்ட் அல்லது வியூவில் எழுதி பிரவுசரில் ஓடும் தனி அப்ளிகேஷன். இரண்டாவதை எடுத்தால் படிவச் சரிபார்ப்பை இரண்டு இடத்தில் எழுத வேண்டும், லாகினை இரண்டு பக்கமும் யோசிக்க வேண்டும், இரண்டையும் தனித்தனியாக சர்வரில் ஏற்ற வேண்டும். இரண்டு பேர் கொண்ட குழுவுக்கு அது கணிசமான சுமை.

‘ரியாக்ட்டில் செய்துவிடலாம்’ என்று தொடங்கி, தகவலை எங்கே சேமிப்பது என்ற கேள்வி இரண்டாவது வாரத்தில்தான் எழுவதைப் பல குழுக்களில் பார்த்திருக்கிறேன். ரியாக்ட் திரையைக் கட்டும் லைப்ரரி. டேட்டாபேஸ், லாகின், அனுமதி எதுவும் அதில் இல்லை. அவற்றுக்கு இன்னொரு தேர்வு காத்திருக்கிறது.

ஏபிஐ எப்போது வேண்டும்? ஆண்ட்ராய்டு ஆப் இந்த ஆண்டே வரப்போகிறது என்றால் வேண்டும். வரைபடம், ஓவியப்பலகை, ஒரே நேரத்தில் பலர் திருத்தும் ஆவணம் என்று திரையே முழு வேலையாக இருந்தால் வேண்டும். ‘என்றாவது ஆப் வரலாம்’ என்பது போதுமான காரணம் இல்லை. ஜாங்கோவிலும் லாராவலிலும் தேவைப்படும் அன்று நான்கைந்து ஏபிஐ முகவரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதே படியில் இன்னொரு கேள்வியும் உண்டு: எல்லாம் சேர்ந்து வருவதா, சிறியதா? ஃபிளாஸ்க், எக்ஸ்பிரஸ், ஃபாஸ்ட்ஏபிஐ சிறியவை. பத்து வரியில் முதல் பக்கம் ஓடிவிடும், அதனால் சுலபம் என்று தோன்றும். ஆனால் டேட்டாபேஸ் மாடல், மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் குறிமுறை), லாகின், அட்மின் திரை என்று ஒவ்வொன்றையும் வெளியிலிருந்து தேடிச் சேர்க்க வேண்டும். அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதும், ஒவ்வொன்றின் அப்டேட்டையும் தனித்தனியாகக் கவனிப்பதும் உங்கள் வேலை. ஒரே ஒரு காரியம் செய்யும் சிறு சேவைக்கு இவை அருமையானவை. டியூஷன் சென்டருக்கு இவற்றை நான் எடுக்க மாட்டேன்.

## 4. பட்டியலை இரண்டு மூன்றாகக் குறையுங்கள்

இப்போதுதான் பெயர்கள். மிஞ்சியவற்றில் ஒவ்வொன்றுக்கும் முதலில் பார்க்க வேண்டியது, எந்த வெர்ஷனுக்கு எதுவரை பாதுகாப்புத் திருத்தம் வரும் என்ற அட்டவணை. கிளையண்ட் இதை ஐந்து வருடம் பயன்படுத்துவார் என்றால், இடையில் எத்தனை முறை மேம்படுத்த வேண்டும் என்பதை அதுதான் சொல்லும்.

ஜாங்கோவில் நீண்டகால ஆதரவுள்ள வெர்ஷன் சுமார் மூன்று ஆண்டு நிற்கும். ஏப்ரல் 2025இல் வந்த 5.2க்கு ஏப்ரல் 2028 வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. லாராவல் ஆண்டுக்கு ஒரு பெரிய வெர்ஷன் விடுகிறது. ஒவ்வொன்றுக்கும் 18 மாதம் பிழைத்திருத்தம், இரண்டு ஆண்டு பாதுகாப்புத் திருத்தம். ஆக, லாராவல் எடுத்தால் பராமரிப்பு ஒப்பந்தத்தில் மேம்படுத்தும் வேலையை அடிக்கடி எழுத வேண்டிவரும். அது குறை அல்ல, செலவு. முன்பே தெரிந்திருந்தால் சரி.

இரண்டாவதாக, பெரிய மேம்பாடுகளில் பழைய பயனர்களை எப்படி நடத்தினார்கள் என்று பாருங்கள். ஆங்குலர்ஜேஎஸ் பயன்படுத்தியவர்களுக்கு 2016இல் வந்த ஆங்குலர் 2 ஏறக்குறைய முற்றிலும் புது ஃப்ரேம்வொர்க். பழையதற்கான ஆதரவு 2021 முடிவோடு நின்றது. ஸ்பிரிங் பூட் 3, நவம்பர் 2022இல் வந்தபோது குறைந்தது ஜாவா 17 வேண்டும் என்றது. அதோடு பழைய ‘ஜாவாஎக்ஸ்’ பேக்கேஜ் பெயர்கள் ‘ஜகார்த்தா’ என்று மாறின. எந்த ஃப்ரேம்வொர்க்கும் மாறத்தான் செய்யும். மேம்படுத்தும் வழிகாட்டி படிப்படியாக எழுதப்பட்டிருக்கிறதா, முந்திய வெர்ஷனிலேயே எச்சரிக்கை கொடுக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

கிட்ஹப் நட்சத்திரங்களை எண்ண வேண்டாம். அவை ஒரு காலத்தில் எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதைத்தான் சொல்லும். அதற்குப் பதிலாக உங்கள் மூன்று கடினமான வரிகளை எடுத்துக்கொண்டு, ஃப்ரேம்வொர்க்கின் ஆவணத்தில் அந்தந்தத் தலைப்பைத் திறந்து படியுங்கள். கோப்புப் பதிவேற்றம், அனுமதி, பின்னணி வேலை பற்றியெல்லாம் அதிகாரப்பூர்வ ஆவணமே தெளிவாகச் சொல்கிறதா, இல்லை பத்து வேறு வேறு வலைப்பதிவுகளைப் புரட்ட வேண்டியிருக்கிறதா? வெளியீடுகளுக்கு இடையிலான நீண்ட இடைவெளியைப் பார்த்தும் பயந்துவிடாதீர்கள். எக்ஸ்பிரஸ் 4 வந்தது 2014, 5 வந்தது 2024. நடுவில் சிறு திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

நம் உதாரணத்தில் இப்போது ஜாங்கோவும் லாராவலும் மட்டும் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

## 5. ஒரே துண்டை இரண்டிலும் கட்டுங்கள்

டூ-டூ பட்டியல் கட்டிப் பார்க்காதீர்கள். அதில் இரண்டு பேர் இல்லை, பணம் இல்லை, அனுமதி இல்லை. கட்ட வேண்டியது மேலிருந்து கீழ்வரை மெல்லிய ஒரு துண்டு: கணக்காளர் லாகின் செய்து, ஒரு மாணவரைத் தேடி, பாதிக் கட்டணம் வாங்கி, தமிழ் ரசீதை பிடிஎஃப் ஆக எடுத்து, எஸ்எம்எஸ்ஸை வரிசையில் போட வேண்டும். திரை அழகாக இருக்க வேண்டியதில்லை. இந்த வரிசையில் சோதியுங்கள்.

லாகின். ஃப்ரேம்வொர்க் தரும் பயனர் மாடலை உங்கள் தேவைக்கு மாற்ற முடிகிறதா என்று முதலிலேயே பாருங்கள். கணக்காளர் மின்னஞ்சலுக்குப் பதில் கைப்பேசி எண்ணால் நுழைய வேண்டும் என்பார். ஜாங்கோவில் இதற்குச் சொந்தப் பயனர் மாடலை முதல் மைக்ரேஷனுக்கு முன்பே அமைத்துவிட வேண்டும். டேபிள்கள் உருவான பிறகு மாற்றுவது மிகவும் சிக்கல். ஆவணத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது, இருந்தும் புதியவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

டேபிளை மாற்றுவது. எக்ஸெலிலிருந்து வாங்கிய பத்து வரிகளை ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு ‘பெற்றோர் எண்’ என்ற புதுக் கட்டாய நெடுவரிசையைச் சேருங்கள். ஏற்கெனவே உள்ள வரிகளுக்கு என்ன மதிப்பு போடுவது என்று மைக்ரேஷன் கேட்கிறதா, அப்படியே உடைகிறதா, பின்வாங்க முடிகிறதா என்று பாருங்கள். முதல் வருடம் முழுக்க நீங்கள் செய்யப்போகும் வேலை இதுதான்.

பணம். தொகையைத் தசமமாகவோ பைசாவில் முழு எண்ணாகவோ சேமியுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். சலுகையும் தவணையும் சேர்ந்த கணக்கில் இது மாதக் கடைசியில் ஒரு ரூபாய் வித்தியாசமாக வந்து நிற்கும்.

பிறகு ரசீது எண். ‘கடைசி எண்ணை எடுத்து ஒன்று கூட்டு’ என்று எழுதிவிட்டு, இரண்டு பிரவுசரில் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துங்கள். ஒரே எண் இரண்டு ரசீதுக்குப் போக வாய்ப்பு உண்டு. ட்ரான்ஸாக்ஷனையும் (எல்லா மாற்றமும் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்ற தொகுப்பு) பூட்டையும் சேர்த்து எழுத ஃப்ரேம்வொர்க் எவ்வளவு உதவுகிறது என்பது இப்போது தெரிந்துவிடும். எதை எடுத்தாலும் டேட்டாபேஸில் அந்த நெடுவரிசைக்குத் தனித்துவக் கட்டுப்பாடு போட்டுவிடுங்கள்.

அனுமதி. ஒரு கிளையின் கணக்காளராக நுழைந்து, ரசீது முகவரியில் உள்ள எண்ணை மட்டும் மாற்றி என்டர் தட்டுங்கள். அடுத்த கிளையின் ரசீது திறந்தால், லாகின் மட்டும்தான் இருக்கிறது, அனுமதி இல்லை. இரண்டு ஃப்ரேம்வொர்க்கிலும் இதைத் தடுக்க வழி உண்டு. எதில் ஒரே இடத்தில் எழுதினால் எல்லாத் திரைக்கும் பொருந்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழ். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த ஒப்பீட்டிலும் இது இருக்காது. நாம்தான் சோதிக்க வேண்டும்.

‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீட்டு எண்கள், யூடிஎஃப்-8இல் 15 பைட்டுகள். ‘பெயர் 20 எழுத்துக்குள்’ என்ற சரிபார்ப்பு எதை எண்ணுகிறது என்று பாருங்கள். மைஎஸ்க்யூஎல் என்றால் டேட்டாபேஸை யூடிஎஃப்8எம்பி4 குறியீட்டில் அமையுங்கள். பழைய ‘யூடிஎஃப்8’ மூன்று பைட்டோடு நின்றுவிடும். தமிழ் அதில் அடங்கும், இமோஜி அடங்காது.

அடுத்தது ஸ்லக், அதாவது பெயரிலிருந்து உருவாகும் இணைய முகவரிப் பகுதி. ஜாங்கோவின் ஸ்லக்கிஃபை, யூனிகோடை அனுமதி என்று சொல்லாவிட்டால் தமிழை மொத்தமாக நீக்கிவிடும். அனுமதித்தாலும் உயிர்க்குறியையும் புள்ளியையும் உதிர்த்துவிட்டு ‘தமிழ்’ என்பதை ‘தமழ’ ஆக்கித் தரும். முகவரியில் எண்ணை மட்டும் வைப்பது எளிய தீர்வு.

ரசீது பிடிஎஃப்தான் பெரிய பரீட்சை. ‘செல்வி’ என்ற பெயரில் ஒற்றைக்கொம்பு திரையில் ‘ச’வுக்கு முன்னால் நிற்கும், சேமிப்பில் பின்னால் இருக்கும். எழுத்தை வடிவமைக்கத் தெரியாத பிடிஎஃப் லைப்ரரி சேமிப்பில் உள்ள வரிசையிலேயே வரைந்துவிடும். கொம்பு ‘ல்’ பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும், பெயரே மாறிவிடும். பைத்தானில் வீஸிபிரிண்ட், பிஎச்பியில் ஓடிஎல் (எழுத்து வடிவமைப்பு) வசதியை இயக்கிய எம்பிடிஎஃப், எந்த மொழியிலும் திரையில்லா குரோம் ஆகியவை இதைச் சரியாகச் செய்கின்றன. செல்வி, கோபி, சௌந்தர்யா, ஸ்ரீராம் என்ற நான்கு பெயர்களை அச்சடித்துப் பார்த்தால் போதும்.

பின்னணி வேலை. எஸ்எம்எஸ் நிறுவனத்தின் பதிலுக்காக ரசீதுத் திரை காத்திருக்கக் கூடாது. அதனால் பிறகு செய்ய வேண்டியவற்றை வைக்க ஒரு வரிசை வேண்டும். லாராவலில் வரிசை உள்ளேயே இருக்கிறது, டேட்டாபேஸையே வரிசையாக வைத்துக்கொள்ளலாம். ஜாங்கோவில் இதற்குப் பலரும் செலரி என்ற தனி லைப்ரரியைச் சேர்க்கிறார்கள். அதோடு வேலைகளை வரிசையில் வைத்திருக்க ரெடிஸ் போன்ற ஒன்றையும் ஓட்ட வேண்டிவரும். சிறிய சர்வரில் இது ஒரு வித்தியாசம்தான்.

சோதனையில் நிஜ எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டாம், லாக்கில் எழுதினால் போதும். இந்தியாவில் வணிக எஸ்எம்எஸ்ஸுக்கு டிஎல்டி (தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவுத் தளம்) பதிவும் வாசக ஒப்புதலும் தேவை, அதற்கு நாளாகும். விண்ணப்பத்தை இன்றே தொடங்கச் சொல்லுங்கள். தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 70 குறிகள்தான், அதுவும் உயிர்க்குறி, புள்ளி எல்லாம் சேர்த்து.

## 6. அந்தத் துண்டை சர்வரில் ஏற்றுங்கள்

முடிவெடுக்கும் முன்பே ஏற்றிப் பாருங்கள். உங்கள் கணினியில் ஓடுவதும் கிளையண்டின் சர்வரில் ஓடுவதும் வேறு வேறு வேலை.

ஜாங்கோவில் டீபக்கை (பிழை விவரங்களைத் திரையில் காட்டும் அமைப்பு) அணைத்ததும் சிஎஸ்எஸ் காணாமல் போய்ப் பக்கம் வெறும் எழுத்தாக நிற்கும். நிலையான கோப்புகளை அதுவரை டெவலப்மெண்ட் சர்வர் தந்துகொண்டிருந்தது. இனி அவற்றை ஒரே இடத்தில் திரட்டி என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வரின் வழியே தர வேண்டும். இதைப் பார்த்துப் பயந்து டீபக்கைத் திரும்ப இயக்கி அப்படியே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிழை வந்தால் உள் விவரங்கள் எல்லாம் பார்ப்பவர் திரையில் கொட்டும், அதனால் கூடவே கூடாது.

லாராவலில் வேறொரு இடறல். வெப் சர்வர் ‘பப்ளிக்’ ஃபோல்டரை மட்டும்தான் காட்ட வேண்டும். மொத்த ப்ராஜெக்ட்டையும் ஷேர்டு ஹோஸ்டிங்கின் வெளி ஃபோல்டரில் போட்டுவிட்டால், டேட்டாபேஸ் கடவுச்சொல் உள்ள அமைப்புக் கோப்பை யாரும் பிரவுசரில் திறந்துவிடும் ஆபத்து இருக்கிறது.

ஏற்றியதும் ஒரு பேக்கப் எடுங்கள். எடுத்த பேக்கப்பை வேறொரு டேட்டாபேஸில் திரும்ப ஏற்றிப் பாருங்கள். இரண்டாவதைச் செய்யாதவரை முதலாவது இருக்கிறது என்று நம்ப முடியாது.

## 7. வேகத்தைக் கடைசியில் பாருங்கள்

இணையத்தில் காணும் வேகப் போட்டிகளில் பல, ஒரு வரி உரையையோ டேட்டாபேஸின் ஒரே வரியையோ திருப்பி அனுப்புவதை அளப்பவை. ஆயிரம் மாணவர்கள் உள்ள சென்டரில் மெதுவாவது வேறு இடம்.

இருநூறு மாணவர் பட்டியலில் ஒவ்வொருவர் பக்கத்திலும் கிளையின் பெயரைக் காட்டினால், கவனிக்காமல் எழுதிய குறிமுறை 201 முறை டேட்டாபேஸிடம் போகும். ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட் போட்டால் அது ஒன்றாகும், லாராவலில் ‘வித்’ போட்டால் இரண்டாகும். உங்கள் துண்டில் க்வெரிகளை (டேட்டாபேஸிடம் போகும் கேள்விகளை) எண்ணிக் காட்டும் டீபக் பட்டையை நிறுவி, இதை ஒருமுறை கண்ணால் பாருங்கள். ஃப்ரேம்வொர்க்கை மாற்றுவதால் கிடைக்கும் வேகத்தைவிட இதில் கிடைப்பது பல மடங்கு.

## 8. முடிவை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

எதை எடுத்தோம், எதை விட்டோம், ஏன், எந்த வெர்ஷன், அதன் ஆதரவு எப்போது முடிகிறது, எது நடந்தால் மறுபடி யோசிப்போம் என்று எழுதி, குறிமுறையோடு சேர்த்தே வையுங்கள். ஆறு மாதம் கழித்துச் சேரும் புதியவர் ‘ஏன் நோடில் செய்யவில்லை?’ என்று கேட்பார். அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும்.

நம் உதாரணத்தில் இரண்டு பேரும் பைத்தான்காரர்கள், விபிஎஸ்ஸுக்குப் பணம் உண்டு என்றால் நான் ஜாங்கோ என்பேன். மாணவர், பேட்ச், சலுகை இவற்றுக்கான உள்திரைகளை அதன் அட்மின் ஏறக்குறைய இலவசமாகத் தந்துவிடும். மிச்சமாகும் நாட்களைக் கட்டணத் திரையில் செலவிடலாம். ஷேர்டு ஹோஸ்டிங்தான், பார்த்துக்கொள்ளப் போகிறவர் பிஎச்பிக்காரர் என்றால் தயங்காமல் லாராவல். ஹோஸ்டிங் ஒரு பக்கமும் குழுவின் மொழி இன்னொரு பக்கமும் இழுத்தால், மாற்றச் சுலபமானது ஹோஸ்டிங்தான். அதை மாற்றித் தரச் சொல்லிக் கிளையண்டிடம் பேசுங்கள்.

## 9. முதல் நாளில் பூட்டிவிட வேண்டியவை

முடிவான உடனே, முதல் திரையை எழுதும் முன்பு, பின்னால் மாற்றக் கடினமானவற்றைச் செய்துவிடுங்கள். சோதனைத் துண்டை நீட்டிக்கொண்டே போகாமல் புதிதாகத் தொடங்குங்கள். அது சோதிக்க எழுதியது. அவசரத்தில் போட்ட முடிச்சுகள் அதில் நிறைய இருக்கும்.

சொந்தப் பயனர் மாடல், டேட்டாபேஸின் எழுத்துக்குறி அமைப்பு, பேக்கேஜ் வெர்ஷன்களைப் பூட்டும் கோப்பு மூன்றும் முதல் கமிட்டிலேயே (குறிமுறையின் முதல் பதிவிலேயே) இருக்கட்டும். கடவுச்சொற்கள் அதில் இருக்கக் கூடாது.

நேர மண்டலமும் அதே நாளில். ஜாங்கோவும் லாராவலும் புது ப்ராஜெக்ட்டை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் தொடங்கித் தரும். டேட்டாபேஸில் யூடிசி இருப்பது நல்லதே; காட்டுவதும் திட்டமிடுவதும் ஆசியா/கொல்கத்தா நேரத்தில் நடக்க வேண்டும். விட்டுவிட்டால் காலை 9 மணிக்கு வைத்த கட்டண நினைவூட்டல் பெற்றோருக்கு மதியம் 2:30க்குப் போகும், இரவு 12 மணி தாண்டி நுழைத்த ரசீது முந்தின நாள் கணக்கில் விழும். மாதத்தின் முதல் தேதியில் அப்படி விழும் ரசீது போன மாத வசூலில் சேர்ந்துவிடும், கணக்காளர் அதைத் தேடிக்கொண்டிருப்பார்.